புளி போட்டுத் தேய்த்த பைசாந்தியக் காசு

1. விளிம்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் முதலாளி நாகராஜ் சார் என் கையில் ஒரு பழைய செம்புக் காசைக் கொடுத்தார். நான் அதை உள்ளங்கையில் வாங்கி, பஸ் கண்டக்டர் கொடுத்த சில்லறை செல்லுமா என்று பார்ப்பதுபோல் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினேன். அவர் சட்டென்று பிடுங்கிக்கொண்டார்.

"நோடம்மா செல்வி, கை வேர்வை இருக்குதே, அது செம்புக்கு விஷம். விளிம்பைப் பிடி. எப்பவும் விளிம்பு. முகத்தைத் தொடவே கூடாது."

அவர் கன்னடக்காரர். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுத்துக் கொடுத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். நான் ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பெண். அப்பா மாநகராட்சியில் குழாய் பழுது பார்த்தார். நான் பி.ஏ. வரலாறு படித்தேன், டைப்பிங் தெரியும், அவ்வளவுதான். பெங்களூரில் பழங்காசுகளை ஏலம் விடும் கம்பெனி ஒன்று இருப்பதே அந்த வேலை கிடைத்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காசையும் நாங்கள் லாட் என்போம். அதைப் பார்த்து, எந்த ராஜா, எந்த ஊர் அச்சு, என்ன கண்டிஷன் என்று கேட்லாக்கில் நாலு வரி எழுதுவது என் வேலை. தங்கமும் வெள்ளியும் சீனியர்களுக்குப் போகும். செம்பும் வெண்கலமும் என் மேஜைக்கு வரும். யாருக்கும் வேண்டாத பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் பிள்ளைகளையே பிடித்துப்போய், வேறு மேஜைக்குக் கூப்பிட்டபோதும் போகாமல் இருந்துவிட்டேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், மறக்க முடியாத காசு எது மேடம் என்று என்னைக் கேட்பதுண்டு. சோழர் காசு, விஜயநகரக் காசு என்று ஏதாவது பெரிதாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். ஓட்டை போட்டு, முகம் தேய்ந்து, புளி போட்டு விளக்கிய ஒரு பைசாந்தியக் காசு என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. சுருங்கட்டும். எனக்கு அதுதான்.

2. பொம்மசந்திராவிலிருந்து ஒரு மாத்திரை டப்பா

அருள்தாஸ் கம்பெனி யூனிஃபாரத்திலேயே வந்திருந்தார். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை வைத்து அச்சால் அடித்து வாஷர் வெட்டும் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர். பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்ததைத் தொடாமல் என் பக்கம் தள்ளினார்.

உள்ளே கறுப்புக் கயிறு கோத்த ஒரு வெண்கலக் காசு இருந்தது. பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

காரணம் சொல்கிறேன். செம்பும் வெண்கலமும் பல நூறு வருஷம் கிடந்தால் மேலே கரும்பச்சையாக ஒரு தோல் படியும். பட்டினா என்போம். காசைக் காப்பாற்றுவதும் அதுதான், அதற்கு மதிப்பு சேர்ப்பதும் அதுதான். நம்மவர்கள் பழைய காசு கையில் கிடைத்ததும் செய்கிற முதல் காரியம், பூஜைச் சாமான் விளக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்ப்பது. தங்கம் மாதிரி ஆக்கிக் கொண்டு வந்துவிட்டோம் என்று சந்தோஷமாக நீட்டுவார்கள். அவர்களை மேஜை மேல் ஏறி நின்று திட்ட வேண்டும் போலிருக்கும். இந்தக் காசு அப்படித்தான் பளபளவென்று இருந்தது.

"இதை யாருங்க தேய்ச்சது?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க மேடம். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு மொத நாள், சிலுவை, மெழுகுவத்தி ஸ்டாண்டு எல்லாம் வெளக்குவாங்க. அதோட இதையும் புளியும் உப்பும் போட்டு வெளக்கிடுவாங்க."

"எவ்வளவு நாளா இப்படி?"

"எங்க தாத்தாவோட அப்பா பட்டாளத்துல பாலம் கட்டுறவரு. மொத உலக சண்டையில பஸ்ரா பக்கம் போனப்ப அங்க ஒரு சந்தையில வாங்கினு வந்தாராம். அதுலருந்து."

நூறு வருஷத்துப் புளி. நான் பெருமூச்சு விட்டுவிட்டு, விளிம்பைப் பிடித்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். பக்கத்து மானிட்டரில் காசு பெரிதாகத் தெரிந்தது. ஒரு பக்கம் இயேசுவின் மார்பளவு உருவம். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், அதற்குள் சிலுவை, கையில் வேதப் புத்தகம். மறு பக்கம் கிரேக்க எழுத்தில் நாலு வரி, இயேசு கிறிஸ்து அரசர்க்கெல்லாம் அரசர் என்று. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசின் வெண்கலக் காசு, ஏறத்தாழ ஆயிரம் வருஷம் பழையது. அதுவரை அந்த ஊர் ராஜாக்கள் எல்லாரையும் போலத் தங்கள் முகத்தையும் பெயரையும்தான் காசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் வெண்கலக் காசிலிருந்து தங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். ஏழை பாழைகள் கையில் புழங்கும் காசில் ஆண்டவர் மட்டும் இருந்தார். எந்த ராஜா அடித்தது என்று சொல்ல முடியாமல் எங்களைப் போன்றவர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்வது அதனால்தான்.

அருள்தாஸ் மானிட்டரை உற்றுப் பார்த்தார். ஒளிவட்டத்தின் ஓரம் இரட்டையாகத் தெரிவதைக் காட்டி, "அச்சு டை நகர்ந்து ரெண்டாவது அடி விழுந்திருக்குது. எங்க பிரஸ்ல இப்படி வந்தா ரிஜெக்ட் பின்ல போட்டுடுவோம்" என்றார்.

"அந்தக் காலத்துல கியூ.சி. கிடையாதுங்க" என்றேன். லேசாகச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

குறைந்தபட்ச விலை ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டேன். எல்லாரும் அங்கேதான் அரை மணி நேரம் பேசுவார்கள்.

"எதுவும் வேணாம் மேடம். யாராவது எடுத்துனு போனா போதும். வெளியூருக்குப் போச்சுன்னா ரொம்ப நல்லது."

கையெழுத்துப் போட்டுவிட்டு, காலி மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விசித்திரமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு என் வரியை எழுதினேன். துளையிடப்பட்டது, தேய்த்து விளக்கப்பட்டது, முகம் மழுங்கியது. இரக்கமே இல்லாத மூன்று குற்றச்சாட்டுகள். இதற்கு யார் கை தூக்கப்போகிறார்கள் என்று நாகராஜ் சார் கேட்டார். ஆனால் கேட்லாக் இணையத்தில் ஏறிய சில நாட்களில், இயேசு உருவக் காசுகளை மட்டும் சேர்க்கும் கேரளத்துக்காரர் ஒருவர் ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே தன் விலையை அனுப்பிவிட்டார். ஆக, காசு வெளியூர் போவது உறுதியாகிவிட்டது.

3. "அது காசு இல்லம்மா"

அடுத்த வாரம் ஒரு அம்மாள் வந்து என் மேஜை முன்னால் நின்றார். போனில் எங்கள் கேட்லாக் படம்.

"இது எங்க அம்மாவோடது. திருப்பிக் குடுத்துடும்மா."

அவர் பெயர் ஃபிலோமினா, அருள்தாஸின் அக்கா. ஃப்ரேசர் டவுன் பக்கம் வீடு. அம்மா இறந்த பிறகு பீடத்தில் மாட்டியிருந்தது காணோம் என்று தேடியிருக்கிறார். தம்பியைக் கேட்டதற்கு, காசு ஏலம் விடுகிற இடத்தில் கொடுத்துவிட்டேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மகள் ஜெனிஃபர்தான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"அது காசு இல்லம்மா, எங்க வீட்டு சுரூபம், சாமி மெடலு. புள்ள வலி எடுத்ததும் கழுத்துல போட்டுடுவோம். வலி வர்றப்பல்லாம் ஆண்டவர் முகத்தத் தடவினே ஜெபம் சொல்லணும். எங்க பாட்டி அப்படித்தான் பெத்தாங்க, எங்கம்மா அப்படித்தான் பெத்தாங்க, நானும் அப்படித்தான். இப்ப என் பொண்ணுக்கு மாசம் நெருங்கிடுச்சு. மொத பிரசவம்."

விதி என்னவோ அதைச் சொன்னேன். லாட்டைக் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் திரும்ப எடுக்க முடியும். அவர் உங்கள் தம்பி.

"தெரியும்மா. அவன் கெட்டவன் இல்ல. குடி கிடையாது, எதுவும் கிடையாது. ஆனா இதுல மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கிறான்." போனில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டார். "ஒரு தடவ கையில குடு. பாத்துட்டுத் தந்துடறேன்."

தட்டில் வைத்து நீட்டினேன். கையுறையும் வைத்திருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. காசை எடுத்து உள்ளங்கையில் வைத்தார், கட்டைவிரல் தானாகப் போய் முகத்தின் மேல் உட்கார்ந்தது. முகம் மழுங்கியது என்று நான் எழுதியிருந்தேனே, அந்த மழுங்கல் சரியாக ஒரு கட்டைவிரல் அகலம். நான் அதைச் சந்தையில் புழங்கிய தேய்மானம் என்று நினைத்திருந்தேன். அத்தனை பிரசவத்தின் வலியும் அங்கே இருந்தது. விளிம்பைப் பிடியுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் வாசலுக்குப் போகும்போது நாகராஜ் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"செல்வி, இந்தக் கதையைக் கேட்லாக்கில சேர்த்துடு. பிரசவ மெடல். பஸ்ரா, பட்டாளம் எல்லாம் போடு. கேரளாக்காரரோட இன்னும் ரெண்டு பேர் வருவாங்க."

"சார், அந்தம்மா இன்னும் படியே இறங்கலை" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் வாசலைப் பார்த்தார். "ஆயித்து, பேட. வேண்டாம் விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

4. பிரிவியூ நாள்

ஏலத்துக்கு முன்னால் ஒரு நாள் லாட்டுகளையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று திறந்துவிடுவோம். அதுதான் பிரிவியூ. அன்றைக்கு வந்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஃபிலோமினா அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அருள்தாஸுக்கும் போன் செய்து, ஒரு விஷயம் கேட்க வேண்டும், அதே நாள் ஷிஃப்ட் முடிந்ததும் வாருங்கள் என்றேன். யாராவது கேட்டால் தற்செயல் என்று சொல்லியிருப்பேன். அக்காவுக்குத் தெரியாமல் அம்மாவின் பொருளைத் தள்ளிவிட்ட அந்த ஆளுக்கு நாலு வார்த்தை கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் தயாராகவே இருந்தேன்.

ஃபிலோமினா மகளோடு வந்தார். ஜெனிஃபருக்கு நிறைமாதம். நான் நாற்காலி போட்டேன். அவள் உட்காராமல் கண்ணாடிப் பெட்டியில் குனிந்து காசைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது அருள்தாஸ் உள்ளே வந்தார். அவர்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் போலிருந்தது.

"மாமா" என்றாள் ஜெனிஃபர். "எதுக்கு மாமா? பணம் வேணும்னா அப்பாகிட்ட கேட்டிருக்கலாமே."

"பணத்துக்கு இல்ல."

"பின்ன?"

அவர் பெட்டியைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்க்காமல் அவளிடம் மட்டும் சொன்னார்.

"உன் கழுத்துல அத போட வேணாம்னுதான்."

ஃபிலோமினா ஏதோ சொல்ல வந்தார். ஜெனிஃபர் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க அத்தை, என் சம்சாரம் ரீட்டாவுக்கு வலி எடுத்தப்ப உங்கம்மா அத்திபெலேல குடியிருந்தா. வீட்ல நானும் பாட்டியும்தான். பாட்டி சுரூபத்த அவ கழுத்துல போட்டாங்க. நான் ஆட்டோ கூப்பிடறேன்னேன். அவசரப்படாதடா, ஆண்டவர் கூட இருக்காரு, இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னாங்க. ரீட்டாவும் சரின்னா. நானும் சரின்னு விட்டேன். அப்புறம் ஆட்டோ வந்து, ஆஸ்பத்திரி போயி..." நிறுத்திக்கொண்டார். "அவளும் போயிட்டா, புள்ளையும் போயிடுச்சு. நர்ஸ் அத அவ கழுத்துலருந்து கழட்டி என் கையில குடுத்தாங்க. அன்னிலருந்து நான் அதத் தொட்டது இல்ல. இங்க கொண்டாந்தப்பகூட டப்பாவக் கவுத்து அதுக்குள்ள தள்ளிதான் கொண்டாந்தேன்."

பிரிவியூவுக்கு வந்திருந்த ஒன்றிரண்டு பேர் அந்தப் பக்கம் நகர்ந்துபோனார்கள். நான் சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அம்மாவா அப்படிச் சொன்னாங்க?" என்றார் ஃபிலோமினா. "ஏண்டா தாஸு, இத்தினி வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"என்னன்னு சொல்றது அக்கா? அம்மா உயிரோட இருந்தாங்க. அவங்களும் தெரிஞ்சா செஞ்சாங்க? நான் சொல்லியிருந்தா நீ அப்புறம் அவங்க மூஞ்சப் பாத்திருப்பியா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போய் நின்றார். "அப்ப வேணாம்டா. போகட்டும். வித்துடு" என்றார்.

அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கேரளத்துக்காரரின் விலை இருக்கிறது, கொடுத்தவரின் கையெழுத்து இருக்கிறது, இப்போது அக்காவின் சம்மதமும் வந்துவிட்டது. என் விதிகள் எல்லாம் திருப்தியாக இருந்தன. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஜெனிஃபர் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, டாக்டர் எப்ப வரச் சொல்றாங்களோ அதுக்கு முந்துன நாளே நான் அட்மிட் ஆயிடறேன். அம்மா சொன்னாலும் சரி, யாரு சொன்னாலும் சரி, வீட்ல உக்காந்து பாக்கலாம்ங்கிற பேச்சே இல்ல. சரியா?"

அவர் தலையை ஆட்டினார்.

"சுரூபம் என் கழுத்துல வேணாம். உங்க கையில இருக்கட்டும். நீங்க அத வெச்சினு லேபர் வார்டுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்துக்கோங்க."

"ஜெனி, அந்த வார்டுப் பக்கமெல்லாம் என்னால வர முடியாது. சொந்தக்காரங்க புள்ளையக்கூட வீட்டுக்குக் கொண்டாந்தப்புறம்தான் நான் போய்ப் பாப்பேன். உனக்கே தெரியும்."

"தெரியும் மாமா. அதனாலதான் கேக்கறேன். எனக்கு வெளிய நீங்க இருக்கணும்."

அருள்தாஸ் பெட்டிக்குள் இருந்த காசைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்றார்.

லாட்டைத் திரும்ப எடுக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் பெட்டியைத் திறந்தேன். தட்டில் வைத்துக் கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டு, காசை விளிம்பில் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கிக்கொண்டார். கறுப்புக் கயிறு விரலிடுக்கில் தொங்கியது.

நாகராஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். கேட்லாக் போட்ட பிறகு லாட்டை எடுத்தால் அவருக்குப் பிடிக்காது, கம்பெனி பெயர் கெடும் என்பார். கண்ணாடி வழியாக அந்த மூன்று பேரையும் பார்த்தார்.

"வித்ட்ரான்னு சீட்டு எழுதிப் பெட்டியில வை. கேரளாக்காரருக்கு நான் போன் பண்றேன். உனக்கு அவர்கிட்ட சமாளிக்கத் தெரியாது."

5. பச்சை

ஏலம் முடிந்து நான் அடுத்த கேட்லாக் வேலையில் மூழ்கியிருந்தேன். ஒரு நாள் காலையில், ஆபீஸ் திறந்து பெருக்கிக்கொண்டிருக்கும்போதே அருள்தாஸ் வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது, முகச்சவரம் செய்யவில்லை. கேட்கப் பயந்துகொண்டு நின்றேன்.

"பொண்ணு மேடம்" என்றார். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நேரா ஆஸ்பத்திரிலருந்துதான் வர்றேன்."

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு வாடிக்கையாளரின் அக்கா மகள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"இதக் காட்டத்தான் வந்தேன்" என்று வலது கையை விரித்தார். உள்ளங்கை நடுவில் வட்டமாகப் பச்சை. காசு அழுந்திய தடத்தில் ஒளிவட்டத்தின் ஓரம்கூடத் தெரிந்தது. "பெஞ்சுல உக்காந்ததுலருந்து கையைப் பிரிக்கவே இல்ல மேடம். உள்ளருந்து அவ கத்தும்போதெல்லாம் எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு. இத இறுக்கிப் புடிச்சினு உக்காந்திருந்தேன். நர்ஸ் புள்ளையக் கொண்டாந்து கையில குடுக்கறப்பதான் அக்கா என் விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சா. சோப்பு போட்டுப் பாத்தேன், போகல. எதுனா ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது. தேய்ச்சுத் தேய்ச்சு மேல்தோல் போன வெண்கலம். வேர்வை பட்டா பச்சை விடும். கை கழுவக் கழுவப் போயிடும்."

"மெதுவாவே போகட்டும்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மேஜையில் வைத்தார். டப்பா இல்லை, கயிறு மட்டும் புதிதாகக் கோத்திருந்தது.

"நீங்க அன்னிக்குக் கோவமா கேட்டீங்க இல்ல, யாரு தேய்ச்சதுன்னு. அக்காகிட்ட சொல்லிட்டேன். இனிமே புளி போடக் கூடாதுன்னா போட மாட்டாங்க."

நாட்டிலுள்ள அத்தனை வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட வார்த்தையை ஒருவர் தானாகவே வந்து கேட்கிறார்.

"வருஷத்துக்கு ஒரு தடவைதானே" என்றேன். "போடட்டும்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாகராஜ் சார் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். விளிம்பைப் பிடியுங்கள், கையுறை போடுங்கள், காசைத் தேய்க்காதீர்கள், தேய்ப்பவர்களைத் திட்டாமல் விடாதீர்கள். கூடவே என்னுடையதாக ஒன்று. முகம் மழுங்கியது என்று கேட்லாக்கில் எழுதுவதற்கு முன்னால், யாருடைய விரல் பட்டு மழுங்கியது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் கேட்லாக்கில் போடுவதற்கல்ல. அந்தக் காசை யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சில சமயம் அந்தப் பதிலிலிருந்துதான் தெரியும்.

அன்றைக்கு அருள்தாஸ் கிளம்புவதற்கு முன்னால் அந்தக் காசை நான் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலை அந்த முகத்தின் மேல் வைத்தேன். வழுவழுவென்று, இன்னும் அவருடைய சூட்டோடு இருந்தது. நாகராஜ் சார் எப்போது வந்தாரோ, கண்ணாடி அறைக் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பு என்று அவர் சொல்லவில்லை.